சங்கல்பச் சீட்டு

இது என்னுடைய வாக்கியம். என் பீரோவைத் திறந்து, என் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, என் எதிரிலேயே வந்து நிற்கிற திருடியைப் போல நிற்கிறது. ஒரே வட்டாரத்தில் ஒரே பொருளை வாங்குகிறவர்கள் ஒரே விலை கொடுப்பது வியாபாரத்தில் இயல்பு. விலை ஒன்றாக இருப்பதாலேயே அவர்கள் கூடிப் பேசினார்கள் என்று ஆகிவிடாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் டெல்லியில் பதினான்காவது மாடியில் ஏசி குளிருக்கு ஷால் போர்த்திக்கொண்டு இதை நான்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் இன்னும் நன்றாக இருக்கும். எழுதி முடித்ததும் அழகாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்படி மனதுக்குள் பொருமியபடி, ஸுப்ரஜா அந்த வாக்கியம் தெரிந்த கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். காருக்கு வெளியே சித்தூர்–புத்தூர் சாலையோரமாக டிராக்டர்கள் நின்றன. மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் நீல நிற கேட்டிலிருந்து தொடங்கி, வளைவு தாண்டி, புளியமரங்கள் முடிகிற இடம் வரை வரிசை. எல்லாவற்றிலும் தோத்தாபுரி மாங்காய். மேலே கிடந்த காய்கள் இன்னும் பச்சையாக இருந்தன. அடியில் கிடந்தவை நசுங்கி, டிராலியின் இடுக்குகள் வழியாகச் சாறு ஒழுகி, தார் ரோட்டில் கறுப்பாகக் காய்ந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தும் அந்தப் புளித்த வாடை உள்ளே வந்தது. சின்ன வயதிலிருந்து ஜூன் மாதம் என்றால் இந்த வாடைதான். இதை அவள் ஒரு காலத்தில் இனிப்பு வாடை என்று நினைத்திருந்தாள்.

ஒன்பது ஃபேக்டரிகள். மூன்று வருடமாக, சீசன் தொடங்குகிற அதே நாளில், காலை பத்து மணிக்கு ஒன்பது கேட்டுகளிலும் பலகையில் ஒரே விலை ஏறுகிறது. யாரும் ஒரு பைசா கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. பழம் காத்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். வியாபாரப் போட்டிச் சட்டத்தில் இதற்குக் கூட்டுச் சதி என்று பெயர் இருக்கிறது. இதை விசாரிக்க டெல்லியில் ஓர் ஆணையமும் இருக்கிறது. ஸுப்ரஜா அங்கேதான் மனு போட்டிருந்தாள், கார்வேட்டிநகரத்தைச் சுற்றியிருக்கிற முப்பத்தெட்டு விவசாயிகளுக்காக, கட்டணம் வாங்காமல். சென்னைக் கம்பெனிகள் இரண்டுக்கு அவள் பார்க்கிற வேலையில் வீடு நடந்தது. இது அவள் தனக்காகச் செய்வது. ஃபேக்டரிக்காரர்களின் பதில் இன்று காலை மின்னஞ்சலில் வந்தது. தயாரித்தது டெல்லியில் அவள் வேலை பார்த்த பழைய வக்கீல் அலுவலகம். பழைய சிமென்ட் வழக்கின் கோப்பைத் திறந்து சிமென்ட் என்ற இடத்தில் மாங்காய் என்று மாற்றியிருந்தார்கள். அந்தச் சிமென்ட் வழக்கில் ஜெயித்த அன்று கேக் வெட்டி முதல் துண்டை அவளுக்குத்தான் கொடுத்தார்கள்.

கூடிப் பேசியதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் தாக்கல் செய்யலாம் என்று ஆணையம் சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் முகாந்திரம் இல்லை என்று முதல் கட்டத்திலேயே கோப்பை மூடிவிடுவார்கள். இன்று வியாழன்.

மனு போட்ட விவசாயிகளில் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அப்பாவு. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம், தோளில் ஈரத் துண்டு. அவள் இறங்கினாள்.

"இன்னாம்மா வெயில்ல வந்துகினு. ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"டிராக்டரை விட்டுட்டா?"

"அது எங்க போவப் போவுது. மூணு நாளா நின்ன எடத்துலயே நிக்குது, நட்டு வெச்ச கல்லு மாதிரி." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "டோக்கன் குடுக்க மாட்டேன்றான்மா. எனக்குப் பின்னாடி வந்தவன்லாம் உள்ள போய் கொட்டிட்டு, வீட்டுக்குப் போய் துன்னுட்டு தூங்கிகினு இருக்கான். கேட்டுக்காரன் கையில ஒரு லிஸ்டு வெச்சிகினுகீறான். நம்ம மனுவுல கையெழுத்து போட்ட பேருங்க. அதே வரிசை. மொதல் பேரு எம்பேரு."

மனுவின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பியது அவள்தான். விதிப்படி அனுப்பிய காகிதத்தை வாட்ச்மேன் கையில் கொடுத்து, பசியோடு நிற்கிறவர்களைப் பிரிக்கிற சல்லடையாக மாற்றியிருக்கிறார்கள்.

பக்கத்து டிராக்டரின் நிழலில் குந்தியிருந்த கங்கையா பீடியை வாயிலிருந்து எடுக்காமல் பேசினார். "ஏம் அப்பாவு, இந்த அம்மாதானா ஃப்ரீ லாயரு? ஃபீஸ் வாங்குற லாயரு தோத்தா சட்டையப் புடிச்சி துட்ட கேக்கலாம். ஃப்ரீ லாயரு தோத்தா எதைப் புடிச்சிக் கேப்பே?"

"வாய மூடுய்யா நீ."

"நான் மூடிகினுதான் கீறேன். கையெழுத்து போடல பாரு, அதான் எனக்கு டோக்கன் வந்துட்ச்சி. சாயந்திரம் உள்ள போறேன்."

அவர் சொன்னதில் நக்கல் இருந்தது, பொய் இல்லை. கட்டணம் வாங்காததில் ஒரு சௌகரியம் இருப்பதை ஸுப்ரஜா தனியாக இருக்கும்போது யோசித்ததுண்டு. தோற்றாலும் மனசாட்சிக்கு ஒரு ரசீது கிடைத்துவிடுகிறது. இவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

அப்பாவு குரலைத் தாழ்த்தினார். "நேத்து அவுங்க ஆளு வந்தான். பேர எடுத்துட்டேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டா ஒடனே டோக்கனாம். இருபத்திநாலு பேரு போட்டுட்டாங்கம்மா. நான் இன்னும் போடல. இன்னா, போட்டுடட்டுமா?"

போடாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை?

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க முடியுமா?"

அப்பாவு டிராலியை எட்டி ஒரு காயை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். விரல் முதல் கணு வரை உள்ளே போனது.

"நான் நிப்பேன்மா," என்றார். "மாங்கா நிக்குமா?"

*

திருப்பதிக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. அப்பா ஜகந்நாதன், சன்னிதி நடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, கூடத்தில் பாயில் படுத்திருந்தார். கோவில் தெருக்களுக்குப் பின்னால் ஒரு சிறிய மடம். அதற்குள் ஒரு சிறிய பெருமாள். அவருக்கு நாற்பத்தாறு வருடமாக அப்பா கைங்கரியம். எழுபத்தைந்து வயதிலும் விடியற்காலையில் ஈர வேஷ்டியோடு போகிறார். அது இல்லாவிட்டால் அப்பா என்ன செய்வார் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை. அம்மா போன மறுமாதம் அப்படித்தான் எழுந்து நின்றார், சன்னிதிச் சாவியைப் பிடித்துக்கொண்டு.

"வந்துட்டியா? சாத்துமது வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ." கண்ணைத் திறக்காமலே பேசினார். "அப்புறம் அம்மா திதியப் பாத்துச் சொல்லு. இந்த வருஷமும் ரெண்டு நாள்ல தொட்டுண்டு நிக்கறது. போன வருஷமும் அப்படித்தான் வந்தது. எந்த நாள் பண்ணினோம்னு பழைய பஞ்சாங்கத்துல குறிச்சு வெச்சிருக்கேன். எனக்குப் பொடி எழுத்து தெரியலே."

அவள் ரசத்தைச் சூடு பண்ணவுமில்லை, சாப்பிடவுமில்லை. அலமாரியைத் திறந்தாள். பழைய பஞ்சாங்கங்கள் வருட வாரியாக அடுக்கியிருந்தன. மேல் தட்டில் அம்மா அரிசி அளந்து வைக்கப் பயன்படுத்திய பெரிய டின்கள். ஏற்றுமதிக்குப் போகிற மாம்பழக் கூழ் டின்கள், மஞ்சள் லேபிள் பாதி கிழிந்து. வைகாசி மாதம் மடத்தில் திருமஞ்சனம் செய்விக்கிற உபயதாரர்கள் வருடா வருடம் வீட்டுக்கு ஒன்று அனுப்புவார்கள். அம்மா அதில் பாயசம் செய்வாள். டெல்லியிலிருந்து விடுமுறையில் வரும்போதெல்லாம் ஸுப்ரஜா இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறாள்.

போன வருடப் பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். வைகாசியில் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே நான்காக மடித்த காகிதம். மஞ்சள் ஊறி, சந்தனம் காய்ந்து, ஓரம் மொறுமொறுவென்றிருந்தது. ஏதோ உபயச் சீட்டு என்று எடுத்துத் தள்ளி வைக்கப் போனவள், ஒரு பெயரைப் பார்த்து நின்றாள்.

தெலுங்கில், பால்பாயிண்ட் பேனாவில், ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பூஜைக்கு முன் சங்கல்பத்தில் வாசிப்பதற்காக, நட்சத்திரம், கோத்திரம், ஃபேக்டரியின் பெயர். கோத்திரம் தெரியாத இரண்டு பேருக்கு விஷ்ணு கோத்திரம். பட்டியலுக்குக் கீழே தோத்தாபுரி என்று எழுதி, கிலோவுக்கு ஒரு விலை. அதற்கும் கீழே ஒரே வரி: சொன்ன சொல்லை ஒருவரும் தவறாதிருக்கப் பெருமாள் அனுக்கிரகம் செய்ய வேண்டும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கு முந்தைய வருடப் பஞ்சாங்கத்தில் இன்னொன்று இருந்தது. அப்பாவின் மேஜை மேல் கிடந்த இந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் மூன்றாவது. அதில் இருந்த விலையை இன்று காலைதான் நீல கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் பார்த்தாள். பஞ்சாங்கத்தில் அப்பா குறித்திருந்த தேதிப்படி, மூன்று திருமஞ்சனத்துக்கும் மறுநாள் காலை பத்து மணிக்குப் பலகை ஏறியிருக்கிறது. அந்தப் பலகைகளை விவசாயிகள் எடுத்த படங்கள் தேதியோடு மனுவில் ஏற்கெனவே இருந்தன.

கூடிப் பேசுகிறவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. கட்சிக்காரர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்: செய்தி அனுப்பாதீர்கள், ஒரே ஹோட்டலில் தங்காதீர்கள், சாப்பாட்டு பில்லைக் கிழித்துப் போடுங்கள். இவர்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் போனில்கூட அழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கூட்டுச் சேர்கிற எல்லோருக்கும் இருக்கிற பயம் இவர்களுக்கும் இருந்திருக்கிறது. நம்மில் ஒருவன் ரகசியமாக நாலணா கூட்டிக் கொடுத்துப் பழத்தையெல்லாம் அள்ளிவிட்டால்? டெல்லியில் அவளுடைய கட்சிக்காரர்கள் அதைக் கண்காணிக்கக் கணக்கு நிறுவனம் வைத்தார்கள். இவர்கள் பெருமாளை வைத்துவிட்டார்கள். பெருமாளிடம் போகிறவன் பொய்ப் பெயர் கொடுக்க மாட்டான். எந்த ஃபேக்டரியைக் காக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? எந்த விலை என்று தெரிந்தால்தானே தவறியவனைத் தண்டிப்பார்?

முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சிரிப்பு எப்போது கோபமாக மாறியது என்று தெரியவில்லை. அப்பாவுவும் வருடத்துக்கு ஒருமுறை மொட்டை போட்டுக்கொள்ள மலைக்கு நடந்து போகிறவர்தான். தர்ம தரிசன வரிசையில் பதினெட்டு மணி நேரம் நிற்பார், இப்போது கேட்டுக்கு வெளியே நிற்பதைப் போலவே. அவருடைய வயிற்றில் அடிப்பதற்கான ஒப்பந்தத்துக்கு அவருடைய பெருமாளையே ஜாமீன் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்தது யாருடைய குரல்? விடியற்காலைகளில் சுப்ரபாதம் சொல்லி அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய அதே குரல். அதிலிருந்தே எடுத்து அவளுக்கு இந்தப் பெயரை வைத்த குரல்.

பெருமாளுக்கு முன்னால் சொன்னதை வெளியே எடுப்பது பாவமா, திருட்டா என்று ஒரு கணம் யோசித்தாள். சீட்டு அப்பாவிடம் இருப்பது. அவரைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை. சரியில்லாததை எழுதிச் சரியாக்குகிற கலையில் பத்து வருடம் சம்பளம் வாங்கியவளுக்கு இன்று மட்டும் எங்கிருந்து இந்தக் கூச்சம் வந்தது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று சீட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். உறையைக் கைப்பையில் வைத்தாள். பிறகு அப்பா எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தாள். சொல்லாமல் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

*

மூன்றரை மணிக்கு அவர் எழுந்தார். முகம் கழுவி, திருமண் இட்டுக்கொண்டு, கண்ணாடியிலேயே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"திதி பாத்தியா?"

"பாத்தேன்." பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினாள். "இதையும் பாத்தேன்."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "சங்கல்பச் சீட்டு. அதுல என்ன? பெருமாள் திருவடியில வெச்ச காயிதத்தக் குப்பையில போட மனசு வராது, பஞ்சாங்கத்துல சொருகி வெச்சுடுவேன்."

"இவா பேரெல்லாம் நிஜம்தானே?"

"ஏண்டி, சங்கல்பத்துல யாராவது பொய்ப் பேர் சொல்வாளா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்பது பேரும் எதிர்லதான் உக்காந்துண்டிருந்தா. ஒருத்தர் நக்ஷத்திரத்தத் தப்பா எழுதியிருந்தார், அங்கேயே திருத்திக் குடுத்தார். அந்த அடிச்சல் கூட இருக்கும் பாரு."

இருந்தது. இதைவிட நல்ல சாட்சியை அவள் எந்த வழக்கிலும் கேட்டதில்லை. அந்த எண்ணம் வந்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா, கீழ ஒரு விலை எழுதியிருக்கு. அதுதான் நான் டெல்லியில போட்டிருக்கிற மனு. கார்வேட்டிநகரத்துக்காரா மனு. இந்தச் சீட்டு அங்க போகணும்."

திருமண்ணுக்குக் கீழே இருந்த முகம் மெதுவாக மாறியது. திருமண் பெட்டியை மூடினார். மூடி சரியாக விழவில்லை. மறுபடி திறந்து மூடினார்.

"இந்த விலை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

அவர் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"அப்பா."

"ஏன், எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாதா?" குரல் உயரவில்லை. "கோத்திரம் கேட்டேன், நக்ஷத்திரம் கேட்டேன். எதுக்கு இந்த விலைன்னு கேக்கறது என் வேலையா? வரவா எல்லாரும் ஏதோ ஒண்ணு கேக்கறா. ஒருத்தன் கேஸ் ஜெயிக்கணும்கறான். எதிராளியும் மறுநாள் வந்து அதையே கேக்கறான். ரெண்டு பேருக்கும் நான் அர்ச்சனை பண்றேன்."

"இவா கேஸ் ஜெயிக்கணும்னு கேக்கலை. ஊர்ல இருக்கிற அத்தனை விவசாயியும் வேற வழியில்லாம இவா காலடியில கொண்டுவந்து கொட்டணும்னு ஒண்ணா உக்காந்து கேட்டிருக்கா. நீங்க மந்திரம் சொல்லி வெச்சிருக்கீங்க."

"கத்தாதே."

அவள் கத்தவில்லை. ஆனால் கத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்பா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "இது போனா என்ன ஆகும் தெரியுமோ? மடத்துக்கு உபயம் பண்றவா இவாதான். சன்னிதி விளக்கு எரியறது இவாளால. ஜகந்நாதன் குடுத்தான்னு தெரிஞ்ச மறுநாள் சாவிய வாங்கிண்டுடுவா. நாப்பத்தாறு வருஷம், ஸுப்ரஜா. நான் எங்க போவேன்? இந்தக் கூடத்துல உக்காந்து செவத்தப் பாத்துண்டு இருக்கணுமா?"

அது பயமுறுத்தல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படியேதான் நடக்கும். இன்னொன்றும் நடக்கும்: அப்பா சாட்சி ஆனால் அவள் இந்த வழக்கிலிருந்து விலகி, கோப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். ஜெயித்தாலும் அது அவள் ஜெயித்ததாக இருக்காது. இந்த ஊரில் அவளுக்குப் பிறகு கிடைக்கப் போவது அப்பாவை விற்றவள் என்ற பெயர்தான்.

"அம்மாவ வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனது யார் கார்ல?" என்றார் அப்பா.

பட்டியலில் நான்காவது பெயர், தாமோதரன். நீல கேட் ஃபேக்டரியின் முதலாளி. பதினோரு நாள் காரையும் டிரைவரையும் கொடுத்து வைத்திருந்தார். அம்மாவின் தலை அந்தக் காரின் பின் சீட்டில் அவளுடைய மடியில் இருந்தது. ஏசியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று டிரைவர் கேட்டதுகூட நினைவிருந்தது. அந்த நன்றி உண்மைதான். மூன்று நாளாக அந்த கேட்டுக்கு வெளியே ஒழுகிக்கொண்டிருக்கிற சாறும் உண்மைதான். ஒன்றை வைத்து இன்னொன்றை வாயடைக்கிறார்களே என்பதுதான் தாங்கவில்லை. அந்தப் பதினோரு நாளின் விலையை யார் கொடுத்தார்கள்? கட்டைவிரலை மாங்காயில் புதைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தானே?

"அவர் நல்லவர் இல்லேன்னு நான் சொல்லலை," என்றாள்.

"அப்போ குடு." அப்பா எழுந்து நின்றார். "மூணையும் குடு. பெருமாள் காதுல சொன்னது பெருமாளோட போகட்டும். சாயரட்சைக்கு நாழியாச்சு. போற வழியில கோனேரிக் குளத்துல கரைச்சுடறேன்."

அவர் கையை நீட்டினார். தீர்த்தம் கொடுத்துக் கொடுத்தே பழகிய கை. எத்தனையோ ஆயிரம் உள்ளங்கைகளில் ஊற்றிய அந்தக் கை, வாங்குகிறவர்களின் கையைப் போல இன்று குழிந்து அவள் எதிரே இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த கோபம் அப்பாவின் மேல் இல்லை. இந்தக் கையை இப்படி நீட்ட வைத்தவர்கள் மேல். பதினான்காவது மாடியில் ஷால் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்த ஒருத்தியின் மேல்.

உறையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தம் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. மேஜை மேலிருந்து இந்த வருடப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். தினமும் சன்னிதிக்கு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். அதை அந்தக் கையில் வைத்தாள்.

"நாழியாச்சுப்பா," என்றாள். "அம்மா திதி ரெண்டாம் நாள்தான். போன வருஷம் நீங்க அப்படித்தான் குறிச்சு வெச்சிருக்கீங்க."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பிரித்தார். அது வைகாசியில் தானாகத் திறந்தது. சீட்டு இருந்த இடத்தில், இரண்டு பக்கத்திலும், சதுரமாக மஞ்சள் கறை. விரலால் அதைத் தடவினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அதற்கடுத்ததை. பிறகு, அவள் அவரிடம் ஒருநாளும் பார்த்திராத விதமாக, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறினார்.

காய்ந்த துளசி ஒன்று உதிர்ந்து தரையில் விழுந்தது. பெருமாளுக்குச் சாத்திய துளசி கால் படுகிற இடத்தில் கிடக்க அப்பா ஒருநாளும் விட்டதில்லை. அது இருவர் காலுக்கும் நடுவில் கிடந்தது. அவரும் குனியவில்லை, அவளும் குனியவில்லை.